அண்ணன் காலுக்கு ஒரு சவ்வு

ஜூன் 11, 2024

இன்றைக்கும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை. உறையவைத்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் இருந்த சவ்வுகள் எல்லாம் இளகி, நனைந்த அப்பளம் மாதிரி தட்டோடு ஒட்டிக்கொண்டன. ஒரு வார வேலை குப்பைக்கு. மெக்கானிக் திண்டுக்கல்லிலிருந்து நாளை மறுநாள்தான் வருவானாம். மலை ஏறினால் அவனுக்கு வாந்தி வருமாம். வரட்டும். வாந்தி எடுத்துக்கொண்டே வரட்டும்.

சாயங்காலம் ஒலியுல்லா மாமா கடைக்குப் போனேன். என் மாமனார், அப்பாஸின் அத்தா. கொடைக்கானல் பஜாரில் கறிக்கடை வைத்திருக்கிறார். கறி வாங்க வந்த லாட்ஜ்காரர் "உங்க மருமக என்ன டாக்டரு?" என்று கேட்க, மாமா கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஆட்டு வயித்துல இருந்து மனுசத் தோலு செய்யுறா" என்றார். அந்த ஆள் கையிலிருந்த பொட்டலத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் செய்வது தோல் இல்லை. எத்தனை தடவை சொல்வது? ஆட்டின் இரைப்பைச் சுவரைப் பிரித்து, அதிலிருக்கும் செல்களை எல்லாம் கழுவிப் போக்கினால் வெள்ளையாக ஒரு வலை மிஞ்சும். ஆறாத புண்ணில் அதை வைத்தால் நோயாளியின் சொந்தச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும், ரத்தக்குழாய்கள் உள்ளே வரும், வலை மெல்லக் கரைந்துபோகும். கடைசியில் இருப்பது அவர்களுடைய சதைதான். ஆரம்பத்தில் மாமா கடை ஆட்டுப் போட்டியை அலசி அலசித்தான் இதைப் பழகினேன். மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி வந்த பிறகு, கால்நடை மருத்துவர் கண்காணிக்கும் தனி மந்தையிலிருந்துதான் எடுக்கிறோம். மாமாவுக்கு அதில் மனத்தாங்கல். "ஏம்மா, நம்ம ஆட்டுக்கு என்ன கொறச்சல்?"

ஜூன் 13

மெக்கானிக் வந்தான். வாந்தி எடுத்தான். சரி செய்தான்.

ஜூன் 27

வேலை ஓடவில்லை. எழுதிவிட்டால் ஓடும் என்று பார்க்கிறேன்.

நர்ஸ் காவ்யா ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "மேடம், உங்க ஊர்க்காரரு ஒருத்தர் வந்திருக்காரு. மன்னவனூரு. சர்க்கரைப் புண்ணு, ரெண்டு மாசமா ஆறல. நம்ம ஆய்வுக்குச் சரியா வருவாருன்னு சார் சொல்றாரு" என்றாள். சார் என்றால் டாக்டர் குமரகுரு. புண்ணைப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம். போனேன்.

திரைக்கு அந்தப் பக்கம் முதலில் தெரிந்தது கால்தான். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஓரம் வெளுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் குழிந்த புண். அப்பாஸின் ஜீப் கதவை உதைத்து நசுக்கிய கால் அது. எங்கள் கல்யாணத்தன்று.

பழனிவேல். என் அண்ணன்.

"இவ இங்க என்ன பண்றா? ஏ புள்ள, இந்த ஆஸ்பத்திரியில வேற ஆளே இல்லையா?" என்று காவ்யாவிடம் கத்தினான். நான் திரையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா செத்ததை இவன் எனக்குச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாமா கடையில் கறி வாங்க வந்த மன்னவனூர்க்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லி, மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். கையில் ரத்தத்தோடு. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என் அம்மா செத்தது.

அழுகட்டும் அந்தக் கால்.

ஜூன் 28

அவன் என் அண்ணன் என்று குமரகுருவிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேர்க்க வேண்டாம்னு சொல்றீங்களா?"

"சேர்க்கலாம். அவர் விஷயத்துல நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். அவ்வளவுதான்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே மேடம்."

அந்த மனிதருக்கு எல்லாமே 'கஷ்டமா இருக்குமே', 'வருத்தமா இருக்குமே'தான். வெறுப்பு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஜூலை 2

அம்சவள்ளி மதினி வந்தாள். அண்ணன் பெண்டாட்டி. ஆய்வுக்கூட வாசலில் நனைந்த ஸ்வெட்டரோடு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை நான். என் கல்யாணம் முடிந்த இந்தப் பதினோரு வருடத்தில் ஆள் பாதியாகியிருக்கிறாள்.

"தமிழு, ஒன் கையிலதான் கெடக்கு."

"என் கையில ஒண்ணும் இல்ல மதினி. பாதிப் பேருக்குச் சவ்வு, பாதிப் பேருக்கு வழக்கமான கட்டு. யாருக்கு எதுங்கிறதைக் கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். அப்படிப் பிரிச்சாத்தான் சவ்வு உண்மையிலயே வேலை செய்யுதான்னு தெரியும்."

"நீ ஒரு வார்த்த சொன்னா மாத்த மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"சொல்லித்தான் பாரேன்."

"மாட்டேன்."

ஸ்வெட்டர் நுனியைப் பிழிந்தாள். பிறகு மன்னவனூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

விதிப்படிதான் பேசினேன். வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்புறம் ஏன் சொல்லும்போது அவ்வளவு ருசியாக இருந்தது? விதியைச் சொன்னேனா, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு வேறு எதையாவது சொன்னேனா? தெரியவில்லை. இரண்டும் ஒரே திசையில் போனால் எது எதை இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜூலை 4

பழனிவேலுக்கு வழக்கமான கட்டு விழுந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க வேண்டாம், என்னிடமேவா மறைப்பது? நன்றாக வந்தது. அப்பாஸிடம் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "உனக்கு இது வேணாம் மதி" என்றான். எது வேண்டாம்? சந்தோஷமா? டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு நாள் தவறாமல் அண்ணன் வீட்டைத் தாண்டி மன்னவனூர் போய் வருகிறவன் அவன். அவனுக்குக் கோபம் வர வேண்டாமா? ஏன் எனக்கு மட்டும்?

ஜூலை 23

பாச்சலூர் ரெங்கம்மாளின் குதிகால் புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. சவ்வு வைத்த கால். காப்பித் தோட்டத்துக்கு எப்போது திரும்பலாம் என்று கேட்கிறாள். கூடவே சவ்வு வைத்த தாண்டிக்குடிக்காரருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன்? கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

ஆகஸ்ட் 16

வார்டு பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன். இருந்தும் அவன் குரல் கேட்கிறது. காவ்யாவைத் திட்டுகிறான், சோற்றைத் திட்டுகிறான், மழையைத் திட்டுகிறான். எங்கள் அப்பா குரல் அப்படியே.

செப்டம்பர் 9

எலும்புக்குள் கிருமி போய்விட்டது. பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஜூலையில் வந்த மாதிரி சந்தோஷம் வருமென்று நினைத்தேன். வரவில்லை. இரக்கமும் வரவில்லை. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மீன் சரியில்லையோ என்னவோ.

சவ்வு வைத்திருந்தால் விரல் தங்கியிருக்குமா? தாண்டிக்குடிக்காரருக்கு வைத்தும் ஆறவில்லையே. யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வே. எவ்வளவு சுத்தமான பதில். துப்பலாம் போல இருக்கிறது.

செப்டம்பர் 26

ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் அவனுக்கு முடிந்துவிட்டது. புண் ஆறவில்லை. வழக்கமான கட்டில் ஆறாதவர்கள் விரும்பினால் அதன் பிறகு சவ்வு வைக்கலாம் என்பது ஆரம்பத்திலேயே நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட ஏற்பாடு. இதையும் விட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டிவரும் என்று குமரகுரு அவனிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்கு அவன், "அதச் செய்யிறவளே வந்து சொல்லட்டும். அவ வாயால கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றானாம்.

குமரகுருவும் கூட இருப்பதென்றால் வருகிறேன் என்று போனேன். கட்டிலருகில் மதினி நின்றிருந்தாள். வெளியூர்க்காரரிடம் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டிலிருந்து வருவது, செல்களை நீக்கியது, கிருமி நீக்கியது, பலிக்காமலும் போகலாம் என்பது.

"எந்த ஆடு?"

"பரிசோதிச்ச மந்தை."

"ஒன் மாமனாரு கடையில தொங்குதே, அதா?"

"இல்ல."

"பாய் வீட்டுல ஆக்கித் தின்னதுபோக மிச்சத்தக் கொண்டாந்து என் கால்ல ஒட்டுறீகளோன்னு கேட்டேன்."

"பழனிவேல், மரியாதையாப் பேசுங்க" என்றார் குமரகுரு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேண்டாம்னா போ. காலை வெட்டிப் போட்ருவாங்க. எனக்கென்ன வந்துச்சு?" என்றேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. குமரகுரு என்னை வெளியே போகச் சொன்னார். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து சொன்னான்—

"ஏய். ஒனக்கு ஏன் சொல்லி விடலன்னுதான இத்தன ஆங்காரம்? அம்மாவே சொல்லுச்சு. 'அவளுக்குச் சொல்லாதடா, அவ வந்தா என் கட்ட வேகாது'ன்னுச்சு. போதுமா?"

அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். காவ்யா சொன்னாள்.

செப்டம்பர் 27

அம்மாவா? அம்மா அப்படிச் சொல்லுமா? சொல்லும். கல்யாணத்தன்று அதுவும் மண்ணை வாரித் தூற்றத்தானே செய்தது. ஆனால் பிறகு இரண்டு தடவை திருட்டுத்தனமாக போன் பண்ணிச்சே. "குளிருக்குக் காதைக் கட்டிக்க" என்றதே. யாரிடம் கேட்பேன்?

செப்டம்பர் 28

கேட்டேன். மதினி கேன்டீனில் பன் வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா அப்படிச் சொல்லுச்சா?"

பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தாள். தின்னவில்லை.

"பொய்யி. ரெண்டு நாளு தமிழு எங்க, தமிழு எங்கன்னுதான் கெடந்துச்சு. நான் போனக் கையில எடுத்தேன். புடுங்கி அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடிட்டாரு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"பயந்தேன்."

"இப்ப பயமில்லையா?"

"இப்ப அவரால வெரசா எந்திரிச்சு வர முடியாதுல்ல."

சாதாரணமாகச் சொன்னாள். பஸ் நேரம் சொல்வது போல.

"அப்ப கால் சரியாகணும்னு ஏன் வந்து என்கிட்ட நின்னீங்க?"

"சரியாவணும்" என்றாள். "கால எடுத்துட்டா காலம்பூரா நான்ல தூக்கிச் சுமக்கணும். நடந்தார்னா அவரு சோலிய அவரு பாப்பாரு. இந்த மூணு மாசமா கேரட்டு லோடு நான்தான் அனுப்புறேன். வண்டிக்காரங்க என்கிட்டத்தான் பேசுறாங்க. அத இனிமே விட மாட்டேன்."

செப்டம்பர் 30

நாளை சவ்வு தர வேண்டும். அலமாரியில் இரண்டு தொகுதி இருந்தது. ஒன்றில் கழுவிய பிறகும் மிச்சமிருக்கும் ஆட்டின் செல் எச்சம் மிகக் குறைவு. மிக நல்ல தொகுதி. இன்னொன்று அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பில். இரண்டுமே தேர்ச்சி பெற்றவை. எதைக் கொடுத்தாலும் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது.

என் கை முதலில் விளிம்பில் இருந்ததைத்தான் எடுத்தது. எடுத்து, உறைமேல் அவன் எண்ணை ஒட்டப் போனேன்.

மனம் இளகியெல்லாம் இல்லை. அப்போது நினைத்தது இதுதான்: இதை வைத்து ஆறாமல் போனால், ஆறாததற்குக் காரணம் நானா, அவன் ரத்தமா என்று சாகும் வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த நாயை நினைத்துக்கொண்டே காலமெல்லாம் நான் இருக்க வேண்டும். முடியாது. எடுத்த இடத்திலேயே வைத்தேன். பிறகு காவ்யாவைக் கூப்பிட்டு, இரண்டு தொகுதியையும் காட்டி, "நீங்களே எடுத்துக் கொடுங்க" என்றேன். அவள் நல்லதைப் பார்த்து எடுத்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

விளிம்பிலிருந்த தொகுதியை இனி யாருக்கும் தருவதில்லை. இன்று வேண்டியது வேறு ஆளுக்காக இருந்திருந்தால் அதையே தந்திருப்பேனா? தந்திருப்பேன். அது இன்னும் உறுத்துகிறது.

அக்டோபர் 1

வைத்தாயிற்று. குமரகுரு வைத்தார். நான் போகவில்லை.

அக்டோபர் 14

இன்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "வெசத்த வச்சிட்டா! சீழ் புடிக்குது பாரு! என்னையக் கொல்லத்தான் வச்சா!"

சவ்வு கரையும்போது புண்ணில் மஞ்சளாக, கூழ் மாதிரி நிற்கும். பார்த்தால் சீழ் போலத்தான் இருக்கும்; சீழ் இல்லை. இதை அவனிடம் சொல்லியும் இருக்கிறோம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு இவன் கட்டைப் பிரித்து, வேட்டித் துணியால் எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டான். அடியில் அப்போதுதான் சிவப்பாகத் துளிர்த்திருந்த சதையிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது.

குமரகுரு அந்த ரத்தத்தைக் காட்டி, "இது நல்ல ரத்தம், பழனிவேல். போன மாசம் இந்தப் புண்ணைக் கிள்ளினாக்கூட வந்திருக்காது" என்றார். "வழிச்சீங்களே, அதுதான் தப்பு. மறுபடி வைக்கணும்."

மறுபடி இன்னொரு சவ்வு. என் கையால். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

வெளியே மதினி சொன்னாள்: "இனிமே கட்டுல கைய வச்சீகன்னா சோறு கெடையாதுன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"மொறச்சாரு. நான் பாத்திரம் வெளக்கப் போயிட்டேன்."

நவம்பர் 5

ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வருகிறது. காவ்யா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாருடைய கால் என்பதை மறந்து, அழகாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. படத்தை மூடினேன். மறுபடி திறந்தேன்.

நவம்பர் 29

மழையில் மரம் விழுந்து மன்னவனூர் ரோடு அடைப்பு. அவன் கட்டு மாற்ற வரவில்லை. மதினியே மாற்றிவிட்டாளாம். காவ்யா போனில் சொல்லச் சொல்ல, மதினி செய்தாளாம். அவன் ஆடாமல் காட்டினானாம்.

டிசம்பர் 20

புண் மூடிவிட்டது.

குமரகுரு எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரைப் புண் வார்டில் ஜிலேபி. நானும் ஒன்று தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அவன் நன்றி சொல்ல வந்தான், குமரகுருவிடம். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். என்னைத் தாண்டிப் போனான். மருந்து வாடை, பீடி வாடை. நிறுத்தவில்லை, பீடியை. அந்தப் பீடிதான் அடுத்த காலைத் தின்னும். சொல்லவா? சொல்லவில்லை.

ஜனவரி 3, 2025

அப்பாஸ் மன்னவனூர் டீக்கடையில் கேட்டுவந்து சொன்னான். பழனிவேல் ஊரெல்லாம் பேசுகிறானாம்: டாக்டர் கைராசி, பழனி முருகன் புண்ணியம், தன் வாய்க்கட்டுப்பாடு. மூன்றும் சேர்ந்து காலைக் காப்பாற்றியதாம். ஆட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை.

ஒலியுல்லா மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "போகட்டும்மா. ஆடும் பேர் கேக்கல, நீயும் கேக்காத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் வேண்டும் எனக்கு. ஏன் வேண்டாம்?

ஜனவரி 11

ஆய்வின் முடிவு வந்துவிட்டது. சவ்வு வைத்தவர்களில் அதிகம் பேருக்கு ஆறியிருக்கிறது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவு அதிகம் இல்லை. தேவலை என்று சொல்லலாம். அதிசயம் என்று சொல்ல முடியாது. பழனிவேல் அந்தக் கணக்கில் 'வழக்கமான கட்டில் ஆறாதவர்' என்றுதான் இருக்கிறான், இருக்க வேண்டும். பிறகு ஆறியது தனிக் குறிப்பு.

அடுத்து இன்னும் பெரிய ஆய்வு. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது காலையில். வெள்ளனே எழுந்து அதைப் பார்த்துக்கொண்டே, கழுவும் கரைசலை மாற்றினால் என்ன என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் அவன் ஞாபகமே இல்லை.

ஜனவரி 19

ஞாயிறு. கதவு தட்டும் சத்தம். திறந்தால் அம்சவள்ளி மதினி. சந்தைக்கு வந்தாளாம். பையில் முட்டைக்கோஸ். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, அடுப்படிவரை போய்விட்டாள். இந்த வீட்டுக்குள் அவள் வருவது முதல் தடவை.

"என்ன கொழம்பு?"

"கறிக்குழம்பு. மாமா கடையிலதான்."

"போடு."

தட்டு வைத்தேன். அப்பாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மதினி இரண்டாம் தடவை சோறு கேட்டபோது தெருவிலிருந்து குரல் வந்தது.

"ஏய்! அம்சா! பஸ்ஸுக்கு நேரமாச்சு, வெரசா வா!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கம், மளிகைக்கடை ஓரம் பழனிவேல். எம்.சி.ஆர். செருப்பு போட்டிருந்தான், சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற ரப்பர் செருப்பு. நான் அதை மட்டும் பார்த்தேன். பாதம் சரியாகப் பதிந்திருந்தது.

மதினி எழுந்திருக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "சாப்புட்டுக்கிட்டு இருக்கேன். அடுத்த பஸ்ஸுக்குப் போவோம். நில்லுங்க."

கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அப்பாஸ்கூட எழுந்துவிட்டான். சத்தமே இல்லை.

உள்ளே வா என்று நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு மனமில்லை. இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இருக்குமென்று தோன்றவில்லை. மதினிக்கு இன்னொரு துண்டு கறி வைத்தேன். அவள் எலும்பைக் கடித்து உறிஞ்சி, நிதானமாகத் தின்றாள்.

அவன் நின்றான். இரண்டு காலிலும்.